மூலமும் மொழிபெயர்ப்பும்

சாப்பிட்டுக்கொண்டே இதை வாசிக்கிறவர்கள் கோப்பையை வைத்துவிட்டுப் பிறகு வாருங்கள். இன்றைக்குக் குண்டிக் கதை. 'பின்பக்கம்', 'ஆசனவாய்' என்றெல்லாம் நாகரிகமாக எழுதலாம்தான். அப்படி நாகரிகமாகக் கதைத்து நான் ஒருமுறை நன்றாகப் பட்டுவிட்டேன். அதனால் முகஞ்சுழிக்கிறவர்கள் சுழிக்கட்டும்.

நான் பாரிசுக்கு வந்தது 1990இல். லாச்சப்பலுக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடத்தில் ஆறாவது மாடி, லிப்ட் இல்லை. ஒரு அறைக்குள் ஏழு பேர். கக்கூசு அறைக்குள் கிடையாது, வெளியே படிக்கட்டு முடிகிற இடத்தில். எங்கள் கதவோடு சேர்த்து ஐந்து கதவுக்கும் அது ஒன்றுதான். குந்தியிருக்கிற கக்கூசு. இதைப் பிரெஞ்சுக்காரர் துருக்கிக் கக்கூசு என்பார்கள். ஐரோப்பாவுக்கு வந்தும் ஊர்க் கக்கூசுதான் என்று வந்த அன்றைக்குச் சிரித்தேன். பிறகுதான் விளங்கியது, அதிலே குந்துவதற்கு ஒரு முறை கிடைப்பதே பெரும் பாக்கியம் என்று. காலை ஏழு மணிக்குப் போத்தலில் தண்ணீரோடு வரிசையில் நிற்க வேண்டும். மேல்மாடிக் கிழவி கதவைத் தட்டுவாள். பாதியில் எழும்பி வருவோம். இல்லையென்றால் அடக்கிக்கொண்டு வேலைக்கு ஓடுவோம்.

வேலை கோப்பை கழுவுவது. பிளோஞ்சு என்று இங்குள்ள தமிழர் எல்லாருக்கும் தெரிந்த சொல். பத்து, பன்னிரண்டு மணித்தியாலம் நிற்க வேண்டும். ஒரு ஆள் தூக்கக் கூடாத சட்டிகளைத் தூக்க வேண்டும். அங்கேயும் கக்கூசுக்குப் போனால் முதலாளி மணிக்கூட்டைப் பார்ப்பான். சாப்பாடு வெள்ளைப் பாண், மிஞ்சிய இறைச்சி, அறைக்கு வந்தால் பாஸ்மதிச் சோறும் கோழிக்கறியும். கீரையைக் கண்ட ஞாபகம் இல்லை. தண்ணீர் குடித்தால் திரும்பவும் கக்கூசுத் தேவை வருமே என்று குடிப்பதில்லை.

இப்போது யோசித்தால், மூலத்தை உண்டாக்குவது எப்படி என்று ஒரு பள்ளிக்கூடம் நடத்தியிருந்தால்கூட இதைவிடத் திறமாகப் பாடத்திட்டம் போட்டிருக்க முடியாது. வருகிறதை அடக்கினால் பெருங்குடல் சும்மா இருக்காது. தன்னிடம் தங்கியிருப்பதிலிருந்து தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அடக்க அடக்க அது கல்லாகும். கல்லானதை முக்கித்தான் வெளியேற்ற வேண்டும். முக்குகிற முக்கில் அங்கேயுள்ள இரத்த நாளங்கள் வீங்கும். வருசக்கணக்காக இது நடந்தால் வீங்கினது சுருங்க மறந்துவிடும்.

பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். எனக்கும் நாற்பத்துமூன்று வயதுவரை தெரியாது. அந்த மெத்தைகள் நோய் அல்ல. பிறந்த பிள்ளைக்கும் இருக்கிறது. குதத்துக்குள் இரத்த நாளங்களும் தசைநாரும் சேர்ந்த சின்ன மெத்தைகள், பெரும்பாலும் மூன்று. தண்ணீர்க் குழாய்க்கு வாசர் போல. குழாய் ஒழுகாமல் இருக்க அவை வேண்டும். வாயு வருகிறதா வேறேதும் வருகிறதா என்று எங்களுக்கு வித்தியாசம் தெரிவதற்கும் அந்தப் பகுதியின் உணர்ச்சிதான் உதவுகிறது. வாசர் வீங்கிக் கீழே இறங்கி இரத்தம் கசியும்போதுதான் அது மூலவியாதி. உள்ளே இருப்பது உள்மூலம். அந்த இடத்தில் வலி தெரிகிற நரம்பு இல்லை, ஆகவே இரத்தம் போகும், நோகாது. வெளியே தோலுக்குக் கீழே இருப்பது வெளிமூலம். அதற்குள் இரத்தம் உறைந்தால் நீலமாக ஒரு கட்டி வரும், இருக்கவும் ஏலாது நிற்கவும் ஏலாது. நோகாததுதான் எங்களை ஏமாற்றுவது. நோகாத நோய்க்கு எவன் லீவு எடுப்பான்?

இனி மாஸ்டரின் கதை.

அவர் வடமராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவர். இங்கே ஒரு உணவகத்தில் சலாது வெட்டினார். நாங்கள் எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம், பிரெஞ்சு முதலாளியும் அப்படியே கூப்பிடுவான், அர்த்தம் தெரியாமல். அறையில் ஒருநாளும் மேல்சட்டை இல்லாமல் இருந்ததில்லை. உடுப்பு மாற்றுவதென்றால் எல்லாரையும் மற்றப் பக்கம் திரும்பச் சொல்வார். அப்படியொரு மனிதர்.

1997 கோடையில் ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, டொக்டரிட்டை ஒருக்கா வரவேணும். உமக்குப் பாசை தெரியும்" என்றார். அப்போது மனைவி பிள்ளைகள் வந்துவிட்டார்கள். மகளுக்குப் பதினொரு வயது, என்னைவிட நன்றாகப் பிரெஞ்சு பேசுவாள். எங்கள் ஆட்களில் பாதிப்பேர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டுதான் டொக்டரிடம் போவார்கள். ஆனால் இதற்கு மகளை எப்படிக் கூட்டிப்போவது?

மெத்ரோவில் போகும்போது குரலைத் தாழ்த்திச் சொன்னார். "மூலம் தம்பி. கொஞ்ச நாளாய் இரத்தம் போகுது. முந்தியெல்லாம் காலமை ஒருக்காப் போனாச் சரி. இப்ப நாலைஞ்சு தரம் போகச் சொல்லுது. போயிட்டு வந்தாலும் முடிஞ்ச மாதிரி இல்லை."

எனக்கு அன்று நாலு மணிக்கு வேலை. அதுவும் மனதில். இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். முதல்நாள் இரவே அகராதியில் தேடி வைத்திருந்தேன். மூலத்துக்குப் பிரெஞ்சில் எமொறொயித். எழுத்துக்கூட்டினால் தலை சுற்றுகிற சொல். அதைப் பாடமாக்கிவிட்டேன் என்று எனக்குள் ஒரு பெருமை.

டொக்டர், என்ன பிரச்சினை என்று கேட்டார். நான் சொன்னேன்: எமொறொயித்.

அவ்வளவுதான். மெத்ரோவில் அவர் சொன்ன மூன்று விசயமும் அந்த ஒற்றைச் சொல்லுக்குள் போய் ஒளிந்துகொண்டன. டொக்டர் தலையாட்டினார். பரிசோதிக்கட்டுமா என்று கட்டிலைக் காட்டினார். மாஸ்டர் என்னைப் பார்த்தார். "வேண்டாமெண்டு சொல்லும் தம்பி. மருந்து மட்டும் தரச்சொல்லும்." நான் அதை மட்டும் மிகச் சுத்தமாக மொழிபெயர்த்தேன். டொக்டர் வற்புறுத்தவில்லை. ஒரு கிறீமும் சில குளிசைகளும் எழுதித் தந்தார். வெளியே வந்து மாஸ்டர் எனக்குக் கோப்பி வாங்கித் தந்தார். நாலு மணிக்கு நான் வேலையில் நின்றேன்.

தமிழில் மூலம் என்றால் மொழிபெயர்ப்பதற்கு முன்னால் இருக்கிற பிரதிக்கும் அதுதான் பெயர். மூலத்தைச் சிதைத்துவிட்டான் என்பார்கள், மோசமான மொழிபெயர்ப்பாளனை. இதை எத்தனையோ இரவில் நினைத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு கைவைத்தியம். லாச்சப்பல் கடைக்குக் கருணைக்கிழங்கு வந்தால் மாஸ்டருக்கென்று எடுத்து வைப்போம். சென்னையிலிருந்து துத்தி இலைத் தூள் வந்தது. வெந்தயம் ஊறப்போட்டுக் குடித்தார். மிளகாயை அறவே விட்டார். சூட்டுச் சாப்பாடு என்று கத்தரிக்காய், நண்டு எல்லாவற்றையும் விட்டார். மெலிந்தார். பத்தியம் பிடிக்கிறார், அதுதான் மெலிகிறார் என்று நாங்களும் சொன்னோம். 1999 தையில் வேலையிடத்தில் தலைசுற்றி விழுந்தார். ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதித்தபோது உடம்பில் இரத்தம் பாதியாகிக் கிடந்தது. அங்கேயிருந்த இளம் டொக்டர் ஒருத்தி அவரைச் சரித்துப் படுக்கவைத்துக் கையுறை போட்டு ஒரு விரலால் பார்த்தாள். கட்டி விரலுக்கு எட்டியது.

விரலுக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. ஒரு வருசமும் ஆறு மாதமும் நாங்கள் அதற்குக் கருணைக்கிழங்கு அவித்துக்கொண்டிருந்தோம்.

குதப் புற்றுநோய். வெட்டினார்கள், வயிற்றில் பை பொருத்தினார்கள், மருந்து ஏற்றினார்கள். ஈரலுக்குப் போய்விட்டது. 2001 மாசியில் மாஸ்டர் செத்துப்போனார். நான் பார்க்கப் போனபோதெல்லாம் என் படிப்பைப் பற்றித்தான் விசாரித்தார். அந்த டொக்டரிடம் போன நாளைப் பற்றி அவரும் கதைக்கவில்லை, நானும் கதைக்கவில்லை. அன்றைக்கே பிடித்திருந்தாலும் பிழைத்திருப்பாரா என்று கேட்டால் யாராலும் சொல்ல ஏலாது என்று பிறகு ஒரு டொக்டர் எனக்குச் சொன்னார். ஆறுதலுக்குச் சொன்னாரோ என்னவோ.

ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன். மூலம் புற்றுநோயாக மாறாது. அந்தப் பயம் வேண்டாம். ஆனால் இரண்டும் ஒரே ஆளுக்கு ஒரே நேரத்தில் இருக்கலாம். "பளிச்சென்ற சிவப்பு, அப்ப மூலம்தான்" என்று கக்கூசுக்குள் நின்று தீர்ப்புச் சொல்கிறோமே, அது பிழை. பெரும்பாலும் மூலமாகத்தான் இருக்கும். ஆனால் வாசலுக்குக் கிட்ட இருக்கிற கட்டியிலிருந்தும் சிவப்பு இரத்தம்தான் வரும். போகிற பழக்கம் மாறுவது, போயும் முடியாத உணர்வு, மலத்தோடு கலந்த இரத்தம், காரணமில்லாத மெலிவு, களைப்பு, இவற்றில் ஏதாவது சேர்ந்தால் ஒரு கிழமைகூடப் பொறுக்கக் கூடாது. மாஸ்டர் மெத்ரோவில் எனக்குச் சொன்ன மூன்றும் இந்தப் பட்டியலுக்குள் வருகிறது. இதை இப்போது எனக்குப் பாடம். அப்போது எமொறொயித் மட்டும்தான் பாடம்.

எனக்கு வந்தது 2011இல். கொமட்டுக்குள் சிவப்பைக் கண்டேன். மாஸ்டர் கதையெல்லாம் தெரிந்த நான் அடுத்த நாளே டொக்டரிடம் ஓடியிருப்பேன் என்றுதானே நினைக்கிறீர்கள்? ஏழு மாதம் சும்மா இருந்தேன். முதலில் வெட்கம். பிறகு பயம். மனைவிக்குத் தெரியக்கூடாது என்று கொமட்டை இரண்டு தரம் தண்ணீர் இழுத்துவிட்டு வருவேன். உள்ளாடையை நானே கழுவிப் போட்டேன். இருபது வருசத்தில் ஒருநாளும் உடுப்புத் தோய்க்காத மனிதன் திடீரென்று தோய்த்தால் எந்த மனைவிக்குத்தான் சந்தேகம் வராது? அவள் வேறு விதமாகச் சந்தேகப்பட்டுச் சண்டைக்கு வந்தாள். அதற்கு மேல் ஒளிக்க முடியவில்லை. சொன்னேன்.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்கும் இருக்கு. சின்னவன் வயித்திலை இருந்த காலம் தொடக்கம்" என்றாள்.

சின்னவனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. இரண்டு அறை வீட்டில், ஒரே கக்கூசைப் பாவித்துக்கொண்டு, புருசனும் பெண்சாதியும் ஒரே நோயை ஒருவருக்கொருவர் ஒளித்துக்கொண்டிருந்திருக்கிறோம். கர்ப்ப காலத்தில் பிள்ளையின் பாரம் அடிவயிற்று நாளங்களை அமத்தும், இரும்புச்சத்துக் குளிசை மலச்சிக்கலைத் தரும், பிறகு பிரசவத்தில் முக்குகிற முக்கு வேறு. நிறையப் பெண்களுக்கு இது வரும், பலருக்குப் பிள்ளை பிறந்து சில மாதத்தில் அடங்கும், சிலருக்கு அடங்காது. ஆம்பிளைகள் நாங்களாவது குடித்துவிட்டு ஒருவருக்கொருவர் உளறுவோம். இவர்கள் யாரிடம் சொல்வது?

இருவரும் ஒன்றாகவே டொக்டரிடம் போனோம். இந்தமுறை நான் நோயின் பெயரைச் சொல்லவில்லை. இரத்தம், ஏழு மாதம், இந்த நிறம், இவ்வளவு, என்று கணக்குப் போலச் சொன்னேன். இடதுபக்கம் சரிந்து முழங்காலை மடித்துப் படுக்கச் சொன்னார். ஒரு நிமிசம். உண்மையாகவே ஒரு நிமிசம்தான். சங்கடமாக இருந்தது, வலிக்கவில்லை. ஏழு மாதம் நான் பயந்த விசயம் பல்லுத் தோண்டுவதைவிடச் சின்ன விசயம்.

பிறகு குடலுக்குள் கமெரா விட்டுப் பார்க்க எழுதினார். அதற்கு முதல் மூன்று நாள் நார்ச்சத்து இல்லாத சாப்பாடு, முதல்நாள் இரவு ஒரு தூளை லீற்றர் கணக்கில் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். உப்புக் கடலைக் குடிக்கிற மாதிரி. அன்றிரவு கக்கூசை விட்டு எழும்பவே முடியாது. கமெரா விடுவது ஒன்றுமே தெரியாது, இங்கே பெரும்பாலும் மயக்கித்தான் செய்வார்கள். கண்விழித்தபோது உள்ளே ஒன்றுமில்லை, மூலம் மட்டும்தான் என்றார்கள். 'மட்டும்தான்' என்ற சொல் அன்றைக்கு எவ்வளவு இனித்தது. மனைவிக்கும் பிறகு அப்படியே.

என்னுடையது இரண்டாம் நிலை. முக்கும்போது வெளியே வந்து தானாக உள்ளே போவது. கையால் தள்ளினால்தான் போகும் என்றால் மூன்று, தள்ளினாலும் போகாவிட்டால் நான்கு. எனக்கு றப்பர் வளையம் போட்டார்கள். வீங்கின மெத்தையின் அடியில் ஒரு சின்ன றப்பர் வளையத்தை இறுக்கிவிடுவார்கள். இரத்தம் ஓடாமல் அது வாடி ஒரு கிழமையளவில் வளையத்தோடு விழுந்துவிடும். ஊரில் மாட்டுக்கன்றுக்குச் செய்கிற ஒரு வேலை ஞாபகம் வரும், விபரம் எழுதவில்லை. மேலே சொன்ன மாதிரி அந்த இடத்தில் வலி நரம்பு இல்லாததால் ஊசி மயக்கம் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. இரண்டு நாள் கக்கூசுக்கு வருகிற மாதிரி ஒரு பொய்யுணர்வு மட்டும். சில கிழமை இடைவெளி விட்டு இரண்டு தரம் போட்டார்கள். வேலைக்கு மூன்றாம் நாளே போனேன். இரத்தத்தை இளக்குகிற மருந்து எடுக்கிறவர்கள் அதை முதலிலேயே டொக்டருக்குச் சொல்ல வேண்டும், அது முக்கியம். வெட்டுகிற ஒப்பரேசன் முற்றின நிலைக்குத்தான். லாச்சப்பல் சுவரில் 'ஒரே ஊசியில் மூலம் மாயம்' என்று நோட்டீஸ் ஒட்டுகிறவர்களை நம்பிப் போகாதீர்கள்.

வளையம் போட்டாலும் பழைய வாழ்க்கையை வாழ்ந்தால் திரும்ப வரும். நார்ச்சத்து ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம் வேண்டும் என்பார்கள். வெள்ளைச் சோறு 100 கிராமில் அரைக் கிராம்கூட இல்லை, வெள்ளைப் பாணில் மூன்று கிராமளவு. அவித்த கடலையிலோ பயறிலோ ஏழு கிராமுக்கு மேல். எங்கள் வீட்டில் இப்போது பின்னேரத்தில் மிக்சர் இல்லை, அவித்த கடலைதான். குரக்கன் மாவும் முருங்கையிலையும் லாச்சப்பலில் தாராளமாகக் கிடைக்கிறது. 1990இல் அம்மா விட்டுவந்த சாப்பாட்டுக்கே டொக்டர் என்னைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். ஒரே நாளில் கூட்டாதீர்கள், வயிறு ஊதும். இசப்கோல் எடுத்தால் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அதுவே உள்ளே அடைக்கும்.

கொமட்டில் இருக்கும்போது காலுக்குக் கீழே ஒரு சின்னப் பலகை வைத்திருக்கிறேன். சின்னவன் சிறுவயதில் கை கழுவ ஏறி நின்ற பலகை. குடலின் கடைசி வளைவை ஒரு தசை கயிறு மாதிரிப் பிடித்து இழுத்து வைத்திருக்கிறது. குந்தினால் அது தளரும், கொமட்டில் நிமிர்ந்திருந்தால் பாதிதான் தளரும். முழங்கால் உயர்ந்தால் முக்கல் குறையும். ஆகத் துருக்கிக் கக்கூசைப் பார்த்துச் சிரித்தது தப்பு. ஆனால் அங்கேயும் சரி இங்கேயும் சரி வந்தால் போக வேண்டும், வராவிட்டால் எழும்ப வேண்டும். போனைக் கொண்டு போய் அரை மணித்தியாலம் இருந்து ஊர்ப்புதினம் பார்க்கிறவர்களுக்குச் சொல்கிறேன், அந்த மெத்தைகள் அந்த அரை மணித்தியாலமும் தாங்குவாரில்லாமல் தொங்கிக்கொண்டிருக்கின்றன. காகிதத்தால் உரசுவதை விடத் தண்ணீர் நல்லது, இதிலே நாங்கள்தான் வென்றோம். கடுப்பு வந்தால் பேசினுக்குள் இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டுப் பத்துப் பதினைந்து நிமிசம் இருப்பேன். மிளகாய் மூலத்தை உண்டாக்குவதில்லை. ஆனால் வெடிப்பு இருக்கிறவன் உறைப்புத் தின்றால் அடுத்தநாள் தெரியும்.

ஒரு சாமத்தியவீட்டுக்கு மோ நகரத்துக்குப் போனபோது அங்கே பெரிய கோயிலுக்குள் ஏறிப் பார்த்தேன். ஃபியாக்கர் என்ற புனிதரின் எச்சங்கள் அங்கே இருக்கின்றன. ஏழாம் நூற்றாண்டில் அயர்லாந்திலிருந்து வந்து அந்தப் பக்கத்துக் காட்டில் மரக்கறித் தோட்டம் செய்தவர். தோட்டக்காரருக்குக் காவல் புனிதர். மூலவியாதிக்காரருக்கும் அவர்தான். முற்காலத்தில் இந்த நாட்டில் மூலத்துக்கே 'ஃபியாக்கரின் நோய்' என்று பெயர். கல்லில் இருந்தார், கல் அவருக்காக இளகியது என்று ஒரு கதை. வெளிநாட்டிலிருந்து வந்தவர், மரக்கறி வளர்த்தவர், இருக்க இடம் இல்லாமல் கல்லில் இருந்தவர். எங்கள் ஆள். ஒரு மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தேன், மாஸ்டருக்காக. அவர் சைவர், கோபிக்க மாட்டார்.

ஐம்பது வயதிலிருந்து எழுபத்துநாலு வரைக்கும் இங்கே இரண்டு வருசத்துக்கு ஒருமுறை கடிதம் வரும். குடல் புற்றுநோய்ச் சோதனை, காசில்லை. 2022 தொடக்கம் மருந்துக்கடையிலும் அந்தப் பெட்டியை எடுக்கலாம். வீட்டிலேயே ஒரு சின்னக் குச்சியால் மலத்தில் தொட்டுக் குழாய்க்குள் வைத்துத் தபாலில் போட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இரத்தத்தையும் அது கண்டுபிடிக்கும். தன் மலத்தைத் தபாற்பெட்டிக்குள் போடுகிற கைங்கரியத்தை முதல்தரம் செய்தபோது சுற்றும்முற்றும் பார்த்தேன், களவு செய்கிறவன் மாதிரி. ஆனால் கவனியுங்கள், இது ஒரு குறையும் இல்லாதவர்களுக்கு. கண்ணால் இரத்தம் கண்டவர்கள் பெட்டியைத் தேடாமல் நேரே டொக்டரிடம் போக வேண்டும்.

இதை இப்போது எழுதியதற்குக் காரணம் போன கிழமை வந்த ஒரு தொலைபேசி அழைப்பு. ஊரிலிருந்து வந்து இரண்டு வருசமான பொடியன், ஒரு உணவகத்தில் கோப்பை கழுவுகிறான்.

"அண்ணை, டொக்டரிட்டை ஒருக்கா வருவீங்களே? பாசை தெரியாது."

"என்ன வருத்தம்?"

"அது... மூலம் அண்ணை."

"மூலமெண்டு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. அதுதானே அண்ணை."

"சரி, அதை விடு. என்ன நடக்குதெண்டு சொல்லு. ஒண்டொண்டாய்ச் சொல்லு."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பின்னால் கோப்பைகள் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சொல்லத் தொடங்கினான். நான் ஒரு பேனை எடுத்து, சின்னவனின் பழைய கொப்பியின் பின்பக்கத்தில் ஒவ்வொன்றாகப் பிரெஞ்சில் எழுதிக்கொண்டேன். வியாழக்கிழமை காலை பத்தரைக்கு டொக்டர் நேரம் தந்திருக்கிறார். அன்றைக்கு நான் லீவு போட்டிருக்கிறேன்.